லேசான குண்டு போட்டா துப்பாக்கி மெதுவா உதைக்குமா?

நவம்பர் 9, 2024, ராத்திரி

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது, அப்படியே போடுறேன்: "அண்ணே, எங்க மச்சான் அமெரிக்கால பிஸ்டல் மேட்ச் சுடுறாரு, தோட்டாவ வீட்டுலயே ரீலோடு பண்றாராம். உதை கம்மியா இருக்கணும்னு கனமான குண்டாப் பாத்து வாங்குறாராம். கனம் கூடுனா உதையும் கூடத்தானே செய்யும்? லேசான குண்டுதானே மெதுவா இருக்கும்? கதை விடுறாரா?"

விடலை. உங்க மச்சான் சொல்றதுதான் சரி. நானும் டல்லாஸ் பக்கம் இருந்த ஒம்பது வருஷத்துல ஆறு வருஷம் இதே கிறுக்குப் புடிச்சுத் திரிஞ்சவன்தான், ஆரம்பத்துல உங்கள மாதிரியேதான் நெனச்சேன், 115 கிரெய்ன் (கிரெய்ன்னா குண்டு, மருந்து எடை போடுற பொடி அலகு) குண்டு ரெண்டாயிரம் வாங்கி வச்சுட்டுத்தான் புத்தி வந்துச்சு.

தெரியாதவங்களுக்கு: ரீலோடுன்னா சுட்ட வெத்துக் கேஸுல, அதாவது தோட்டாக் கூட்டுல, புதுசா வெடிமருந்து போட்டு மேல குண்டு வச்சு மூடுறது. விஷயம் இதுதான். மேட்ச்ல சும்மா எவ்வளவு மெதுவா வேணாலும் சுட்டுட்டுப் போக முடியாது, பவர் ஃபேக்டர்னு ஒரு தரை, அதுக்குக் கீழ போகக் கூடாதுன்னு ஒரு எல்லை, வச்சிருக்கான். குண்டோட எடைய கிரெய்ன்ல எடுத்து, வேகத்த செகண்டுக்கு எத்தன அடின்னு எடுத்து, பெருக்கி ஆயிரத்தால வகுக்கணும். யுஎஸ்பிஎஸ்ஏ-ல, அதாவது அங்க இந்த மேட்ச் நடத்துற சங்கத்துல, மைனர்ங்கிற லேசான வகைக்கு 125, மேஜர்ங்கிற கனத்த வகைக்கு 165. 115 கிரெய்ன் குண்டு 1130 அடி வேகத்துல போனா 129.9. 147 கிரெய்ன் குண்டு வெறும் 885 அடியில போனாலே 130. ரெண்டும் ஒரே மார்க்குதான், ஆனா ரெண்டாவதுக்கு மருந்து கம்மியாப் போதும். உதைக்கிறது குண்டு மட்டும் இல்ல தம்பி, எரிஞ்ச மருந்தும் வாயுவா அதே குழல் வழியா, குண்ட விட வேகமா வெளிய பாயுது, அந்தப் பாய்ச்சலும் சேந்துதான் கைய உதைக்குது. மருந்து கொறஞ்சா அந்தப் பங்கு கொறையும்.

வள்ளத்துல இருந்து ஜெட்டிக்குத் தாவுறத நெனச்சுக்கங்க. வெடலைப் பய வெடுக்குன்னு குதிச்சா வள்ளம் சடக்குன்னு பின்னால போகும். கனத்த ஆளு நிதானமா கால எடுத்து வச்சா வள்ளம் நகரத்தான் செய்யும், ஆனா அது தள்ளு, வெட்டு இல்ல. மருந்துங்கிறது குதிக்கிறப்ப கூடவே ஒரு வாளித் தண்ணியையும் கரைப் பக்கம் வீசுற மாதிரி. கனத்த ஆளுக்குச் சின்ன வாளி.

எத்தன கிரெய்ன் மருந்துன்னு யாரும் கேக்காதீங்க. மருந்துக் கம்பெனிக்காரன் போடுற மேனுவல்ல இருக்கு. முகம் தெரியாதவன் எழுதுன எண்ண நம்பித் தோட்டா செய்றவன் கையில விரல் மிஞ்சாது.

நவம்பர் 9, இன்னும் கொஞ்ச நேரங்கழிச்சு

படுக்கப் போனவன் எந்திரிச்சு வந்து எழுதுறேன். இது நம்ம ஊர்ல செய்ற வேலை இல்ல. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவு, லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கக் கூடாது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் தண்டனை ஏழு வருஷத்துக்குக் கொறையாது, ஆயுள் வரைக்கும் போகும். இந்த 115, 147 கிரெய்ன் குண்டு போற 9 எம்எம் நம்ம நாட்டுல சாதாரண ஆளுக்குக் கெடையவே கெடையாது. யூடியூப் பாத்துட்டுக் குடிசைக்குள்ள எவனும் எதையும் கிண்ட வேணாம். நான் சொல்றது பூராவும் அங்க, சட்டப்படி நடந்த கதை. தோட்டா செய்ற மெஷின் பிரஸ்ஸ வித்துட்டுத்தான் கீழக்கரைக்கு வந்தேன்.

நவம்பர் 10

மண்டபத்துல இருந்து ஒரு மாப்ள ஏசிட்டாரு: "வள்ளத்தக் கயித்துல கட்டாம எவன்யா எறங்குவான்?" சரி மாப்ள, கட்டாத வள்ளம்னு திருத்தி வாசிச்சுக்கங்க.

இன்னொருத்தர் கேட்டதுல ஞாயம் இருக்கு. "அப்ப ஓபன் டிவிஷன்காரங்க எல்லாம் ஏன் லேசான குண்டப் போட்டு மருந்த அள்ளிக் கொட்டுறாங்க?" ஆமா, ஓபன்ங்கிறது துப்பாக்கியில கூடுதல் உருப்படி மாட்ட விடுற பிரிவு, அங்க எல்லாம் தலைகீழ். அந்தத் துப்பாக்கி வாயில காம்பென்சேட்டர் இருக்கும், மேல பாத்து ஓட்டை போட்ட ஒரு கட்டை. வாயு அந்த ஓட்டை வழியா மேல பீச்சி, குழல் மூக்கக் கீழ அமுக்கும். அதுக்கு வாயு நெறைய வேணும், அதனால லேசான குண்டு, மெதுவா எரியுற மருந்து, அதுவும் நெறைய. சத்தம் காதப் பொளக்கும், பக்கத்துல நிக்கிறவன் சட்டை படபடக்கும், சுடுறவனுக்கு மட்டும் குறி பாக்குற சைட்டு அசையாது. நான் நேத்து சொன்னது காம்பென்சேட்டர் இல்லாத சாதாத் துப்பாக்கிக்கு. அதச் சொல்லாம விட்டது என் தப்பு.

இன்னொன்னும் ஒத்துக்கிறேன். கணக்குப் போட்டுப் பாத்தா ஒரே பவர் ஃபேக்டர்ல 115க்கும் 147க்கும் உதையில வித்தியாசம் அப்படி ஒண்ணும் மலையளவு இல்ல. கைக்குத்தான் பெருசாத் தெரியும், ஒண்ணு குத்து, ஒண்ணு தள்ளு. நெசமான லாபம் வேற எடத்துல இருக்கு. கடையில வாங்குற பெட்டித் தோட்டா பல நேரம் பவர் ஃபேக்டர் 135, 140ன்னு இருக்கும். அவனுக்கு எல்லார் துப்பாக்கியிலயும் ஓடணும், அதனால தாராளமா வைப்பான். நாமளே செஞ்சா 130க்கு எறக்கிக்கலாம். மென்மையில முக்காவாசி அங்கதான் வருது.

எறக்கிக்கலாம்னு சொல்லிட்டேன்ல, எறக்கி வாங்கிக் கட்டிக்கிட்ட கதைய நாளைக்கு எழுதுறேன்.

நவம்பர் 12

நாளைக்குன்னு சொல்லி ரெண்டு நாளாச்சு, லாத்தா வீட்டுல கல்யாணப் பேச்சு.

மென்மைன்னா ஒரு வெறி புடிச்சுரும், சீனி கொறைக்கிறேன்னு ஆரம்பிச்சு வெறும் வெந்நி குடிக்கிற ஆளு மாதிரி. 132ல இருந்தேன், 130க்கு எறக்குனேன், நல்லா இருந்துச்சு, 128, அப்புறம் 126.1. 147 கிரெய்ன், சராசரி 858 அடி. தரை 125தானே, ஒண்ணு மிச்சம் இருக்கேன்னு ஒரு கணக்கு. ஊர்க்காரன் புத்தி, தராசு முள்ளு நடுவுல நின்னாப் போதும், ஒரு மணி கூடப் போயிடக் கூடாது.

ஜனவரி மாசம் ஒரு பெரிய மேட்ச். விடியக் காலைல புல்லெல்லாம் உறைபனி, விரல் மடங்க மாட்டேங்குது. எங்க குரூப்புக்கு மொத ஸ்டேஜே குரோனோ, அதாவது வேகம் அளக்கிற மேடை. நம்ம தோட்டாவுல எட்ட அவனே எடுத்துக்குவான். ஒண்ண ஒடைச்சுக் குண்ட மட்டும் எடை போடுவான், மூணச் சுடுவான். எனக்கு எடை 146.4. மூணு சுட்டாச்சு, பத்தலை. இன்னும் மூணு சுடுவான், ஆறுல ஒசந்த மூண எடுத்துச் சராசரி, அது 848. பெருக்குனா 124.1. கடைசியா ஒரு தோட்டா மிச்சம் இருக்கும், அதச் சுடுறதா, ஒடைச்சு எடை பாக்குறதான்னு நம்மளக் கேப்பான். சுடுறதுக்குப் பயந்து எடைன்னு சொன்னேன். இடுக்கியில புடிச்சுக் குண்டத் தராசுல வைக்கிறான், சேப்பு எழுத்து ஓடி ஓடி நிக்குது: 147.1. பெருக்கு. 124.7.

தசமத்துக்குப் பின்னால இருக்கிறத வெட்டிருவான், ரூல்லயே இருக்கு, 124.9999 வந்தாலும் அது 125 இல்ல. குண்டு இன்னும் 0.4 கிரெய்ன் கனமா இருந்திருந்தாத் தாண்டியிருப்பேன். அப்புறம் என்ன, நாள் பூரா சுடலாம், ஸ்கோர் கெடையாது. நானூறு மைல் வண்டி ஓட்டிப் போனவன் சும்மா வேடிக்கை காட்டிட்டு வந்தேன். எல்லாம் அந்தக் குளிரு செஞ்ச வேலை, குளுந்தா மருந்து வேகம் கொறையும்.

நவம்பர் 13

"0.4 கிரெய்ன்னா எவ்வளவு?"

எங்க வாப்பாவோட வாப்பா முத்து, சங்கு யாவாரம். வீட்டுல இப்பவும் அவரு சின்னத் தராசு இருக்கு, டப்பா நெறைய குண்டுமணி. ஒரு குண்டுமணி கிட்டத்தட்ட ரெண்டு கிரெய்ன். அப்ப ஒரு குண்டுமணிய அஞ்சா நறுக்கி, அதுல ஒரு துண்டு. அதுக்குத்தான் நானூறு மைலு.

பெரியவரு எடை போடுறப்ப சன்னலச் சாத்திருவாராம், வாடைக் காத்து தட்ட அசைக்கும்னு. நான் அமெரிக்கால கராஜுல எலக்ட்ரானிக் தராசு வச்சுக்கிட்டு, நம்பர் ஏன் நிக்க மாட்டேங்குதுன்னு ஒரு வாரம் கம்பெனியத் திட்டிக்கிட்டு இருந்தேன். தலைக்கு மேல சீலிங் ஃபேன் சுத்துது.

நவம்பர் 16

மென்மையான தோட்டாவுல ஆபத்து கம்மிதானேன்னு தம்பி கேக்குறாரு. இல்ல. அங்கதான் கண்ணத் தொறந்து வைக்கணும். இந்த வேலைக்குப் பல பேரு வேகமா எரியுற மருந்தத்தான் எடுப்பான், ஏன்னா கொஞ்சமாப் போதும். கொஞ்சமாப் போதும்னா கேஸுக்குள்ள அது பாதி கூட நெறையாது, அடியில கெடக்கும். அதனால ஒரே கேஸுல தெரியாம ரெண்டு தடவை விழுந்தாலும் வழியாது, மேல குண்ட வச்சு மூடிருவோம். அந்தத் தோட்டா துப்பாக்கியப் பொளந்துரும். பொசுபொசுன்னு எடத்த அடைக்கிற மருந்தா இருந்தா ரெண்டாவது தடவை வழிஞ்சு மேசையில கொட்டிக் காட்டிக் குடுத்துரும். பிரஸ் மேல வெளக்கு ஒண்ணு வச்சு ஒவ்வொரு கேஸையும் எட்டிப் பாத்துட்டுத்தான் குண்டு வைக்கணும், வேற குறுக்கு வழி இல்ல.

எனக்கு நடந்தது இதுக்கு எதிர்ப்பக்கம். மருந்தே விழாத ஒண்ணு. இரும்புத் தட்டு சுடுற ஒரு சனிக்கிழமை மேட்ச், அஞ்சு தட்டு, மொத ரெண்டு போச்சு, மூணாவதுக்கு அழுத்துனா "டப்" வரல, "பொத்". நீர்ல எளனி விழுந்த சத்தம். ஸ்லைடு, அதாவது துப்பாக்கி மேல பின்னால போயி முன்னால வர்ற பாகம், அசையல. கை பழகுன பழக்கம், யோசிக்காமலே ஸ்லைட இழுத்து அடுத்த தோட்டாவ ஏத்தப் பாக்குது, ஏற மாட்டேங்குது, நான் இன்னொரு குத்து குத்துறேன், பின்னால இருந்த ஆர்ஓ, மேட்ச்ல நம்மளக் கவனிக்கிற அதிகாரி, தொண்டை கிழியக் கத்துறாரு ஸ்டாப்னு. கழட்டிப் பாத்தா மருந்தப் பத்த வைக்கிற பிரைமர் மட்டும் வெடிச்சு, குண்டக் குழல் ஆரம்பத்துல செருகிட்டு நின்னுருக்கு. அது இன்னும் ஒரு விரக்கடை உள்ள போயிருந்தா அடுத்த தோட்டா சொகமா ஏறியிருக்கும், நானும் சுட்டிருப்பேன். பித்தளைக் கம்பிய விட்டு மரச் சுத்தியலால தட்டித் தட்டி எடுத்தேன், "டங்"னு அந்தக் குண்டு மேசையில உருண்டப்பத்தான் கை நடுங்க ஆரம்பிச்சுச்சு.

எப்படி மருந்து விழாமப் போச்சுன்னா, செஞ்சுக்கிட்டு இருக்கும்போது உம்மா போன். பிரஸ் கைப்பிடி பாதியில, எந்திரிச்சுப் போயி அரை மணி நேரம் பேசி, வந்து விட்ட எடத்துல இருந்து இழுத்தேன். அதுக்கப்புறம் ரீலோடு பண்றப்ப போன் வேற ரூமுல. உம்மா கிட்ட காரணத்தச் சொல்லலை, "ராத்திரி ஏன்டா எடுக்க மாட்டேங்குற"ன்னு கேட்டா மீட்டிங்குன்னு சொல்லிருவேன்.

நவம்பர் 21

நேத்து ராமேஸ்வரத்துல 41 சென்டிமீட்டர் மழை, ஒரே நாள்ல. அந்தப் பக்கத் தம்பிக யாரும் ஆன்லைன்ல இல்ல, எல்லாரும் பத்திரமா இருந்தாச் சரி. இங்கயும் கரண்டு போயி வந்துச்சு. கீழ் ரூமுல தண்ணி ஏறிருமோன்னு பெட்டிகளப் பரணுக்கு ஏத்துறப்ப என் பழைய நோட்டு கெடைச்சுச்சு, எந்தத் தோட்டா என்னைக்குச் செஞ்சேன், என்ன வேகம்னு எழுதி வச்ச நோட்டு.

12ஆம் தேதி குளிரு மேல பழியப் போட்டேன்ல, அதத் திருத்தணும். நோட்டுல அந்த 858 அடி எழுதியிருக்கிற தேதி ஜூலை. பக்கத்துலயே "கொளுத்துற வெயிலு, குரோனோ ஸ்டாண்டத் தொட முடியல"ன்னு என் கையெழுத்து. ஜூலையில அளந்துட்டு ஜனவரிக்குக் கொண்டு போயிருக்கேன், நடுவுல ஆறு மாசம் ஒரு தடவை கூடத் திரும்ப அளக்கலை. போதாததுக்கு அடுத்த பக்கத்துல "குண்டு புது லாட்டு"ன்னு, வேற தொகுதின்னு, இருக்கு, அதையும் எடை போட்டுப் பாக்கலை. குளிரு அது பாட்டுக்கு அது வேலையச் செஞ்சுச்சு. நான்தான் செய்யலை.

அதுக்கு மறு வாரத்துல இருந்து கடைசி வரைக்கும் 131. கையில வித்தியாசம் தெரிஞ்சுச்சான்னு கேட்டா, சத்தியமாத் தெரியலை. 126ஐயும் 131ஐயும் மேகசின்ல கலந்து போட்டுக் கூட்டாளி ஒருத்தர் குடுத்தாரு, எது எதுன்னு சொல்லுன்னாரு, பத்துக்கு அஞ்சு தப்பு. காசு சுண்டியிருந்தாலும் அதேதான் வந்திருக்கும்.

நவம்பர் 24

ஸ்லைட முன்னால தள்ளி மூடுற ஸ்பிரிங் பத்தி மூணு பேரு கேட்டுட்டீங்க, சுருக்கமா. தோட்டாவ மென்மையாக்கிட்டு ஸ்பிரிங்க மாத்தாம விட்டா ஸ்லைடு முழுசாப் பின்னால போகாது, வெத்துக் கேஸு வெளிய விழாம, அது வெளிய வர்ற ஓட்டையில நிமிந்து நிக்கும், அடுப்புக் குழாய் மாதிரி. இளக்கமான ஸ்பிரிங் போடணும். ரொம்ப இளக்குனா ஸ்லைடு போயிப் பின்னால மோதும். ஸ்பிரிங் கனமா இருந்தா இன்னொரு தொல்லை, ஸ்லைடு மூடுறப்ப மூக்கக் கீழ தள்ளும், முன் சைட்டு மேல போயி நின்ன எடத்துக்குத் திரும்பாம தாண்டிக் கீழ போகும். உதை எவ்வளவு மேல போச்சுங்கிறத நான் கடைசியில பாக்குறதையே விட்டுட்டேன். சைட்டு போன எடத்துல இருந்து, நான் ஒண்ணும் செய்யாம, பழைய எடத்துக்கே வந்து உக்காருதா, அத மட்டும்தான் பாத்தேன்.

மென்மைய எங்க வரைக்கும் கொண்டு போகலாம்னு பாக்கணும்னா ஒலிம்பிக் ரேப்பிட் ஃபயர் கதையப் பாருங்க. 25 மீட்டர், அஞ்சு டார்கெட், 8 செகண்ட், 6 செகண்ட், கடைசியில 4 செகண்டுல அஞ்சும் சுடணும். 2004 ஏதென்ஸ் வரைக்கும் .22 ஷார்ட்னு ஒரு குட்டித் தோட்டா, உதைன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னே தெரியாது. 2005ல இருந்து .22 லாங் ரைஃபிள் தோட்டாதான்னு ரூல மாத்திட்டான், எல்லாரும் துப்பாக்கியவே மாத்த வேண்டியதாப் போச்சு. நம்ம விஜய் குமார் 2012 லண்டன்ல வெள்ளி வாங்குனது இந்தப் புது ரூல்லதான்.

சென்டர் ஃபயர்ங்கிற இன்னொரு பிஸ்டல் போட்டிக்காரங்க .32 வாட்கட்டர்ங்கிற தோட்டா சுடுவாங்க, குண்டு மூக்கே இல்லாம தட்டையா இருக்கும், பேப்பர்ல பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமா ஓட்டை விழும், ஸ்கோர் பாக்க லேசு. அதுவும் பூ மாதிரித்தான் உதைக்கும்.

டிசம்பர் 8

இப்ப என்ன சுடுறேன்னு யாரும் கேக்கலை, நானே சொல்றேன். மாடியில ஏர் பிஸ்டல். 4.5 எம்எம், சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா 2016 ஆயுத விதிப்படி லைசன்ஸ் வேணாம். தண்ணி டேங்குச் செவத்துல இருந்து மாடிப்படிக் கதவு வரைக்கும் சரியாப் பத்து மீட்டர், டேப் வச்சு அளந்தேன். டார்கெட்டுல பத்து மார்க்கு வட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பட்டன் அளவுதான். உப்புக்காத்துக்கு ஈயப் பெல்லட் மேல வெள்ளைப் பொடி பூத்துருது, டப்பாவ நல்லா மூடி வைக்கணும், தொட்ட கையோட எதையும் திங்கவும் கூடாது, ஈயம் அது. இரும்புப் பாகத்துக்கு வாரம் ரெண்டு தடவை எண்ணெய், இல்லன்னா துரு புடிச்சுச் செவந்து போகும்.

காத்த அடைச்சுச் சுடுற பிஸ்டல், உதையே கெடையாது. மென்மை மென்மைன்னு ஆறு வருஷம் மருந்தையும் குண்டையும் அளந்தவனுக்கு இதுதானே சொர்க்கம்னு நெனச்சேன். ஆனா பெல்லட்டு பத்துக்குக் கீழ, ஏழு மணிப் பக்கமாவே போயி உக்காந்துச்சு. சைட்டத் திருப்பினேன், பெல்லட் கம்பெனிய மாத்தினேன், அது பாட்டுக்கு அங்கயே போகுது.

லாத்தா மகன் பத்தாவது படிக்கிறான், அவன்தான் கண்டு புடிச்சான். "மாமா, நான் ஏத்தித் தர்றேன், நீங்க உள்ள பாக்கக் கூடாது"ன்னான். சில தடவை பெல்லட் போடுவான், சில தடவை போடாம காலியாக் குடுப்பான். டார்கெட்ட விட்டுட்டு என் குழல் மூக்க மட்டும் போன்ல படம் புடிச்சான். காலியா இருந்த பத்துல ஏழு தடவை, டிரிகர் விடுபடுறதுக்கு ஒரு இமை முன்னாடி மூக்கு கீழ குனியுது. ஒண்ணும் வெடிக்கலை, ஒண்ணும் உதைக்கலை, கை மட்டும் வரப் போற உதைக்கு முன்னாலயே அமுக்கிக் குடுக்குது. 140 போடு, 126 போடு, அது எப்பவும் இருந்திருக்கு போல, உதைக்குள்ள மறைஞ்சு கெடந்திருக்கு.

தங்கச்சிமடத்துத் தம்பி, உங்க மச்சான் கிட்ட இதையும் சொல்லுங்க, வெடிக்காத டம்மித் தோட்டா ரெண்டு கலந்து வேற ஆளு கையால மேகசின்ல போட்டு வாங்கச் சொல்லுங்க. நான் தெனமும் அசருக்கு அப்புறம் இருவது தடவை அவன் கையால வாங்கிச் சுடுறேன். மூக்கு குனியுறது ஏழுல இருந்து இப்ப மூணா வந்துருக்கு. நேத்து ரெண்டுன்னு நான் சொன்னேன், அவன் போன்ல ஸ்லோமோஷன் ஓட்டிக் காட்டி, "இல்ல மாமா, மூணு"ன்னுட்டான்.